ஒரு நம்பர் கூட எடுங்கோ

ஜனவரியில் பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய கிழமை அம்மா எங்களைச் சப்பாத்து வாங்கப் புறக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போவார். கடைக்காரர் கறுப்புச் சப்பாத்தை மாட்டிவிட்டதும் அம்மா குனிந்து முன்பக்கத்தைப் பெருவிரலால் அமத்திப் பார்ப்பார். என் கால்விரல் நுனிக்கும் சப்பாத்தின் மூக்குக்கும் நடுவில் அந்தப் பெருவிரல் புதைய வேண்டும். புதையாவிட்டால், "ஒரு நம்பர் கூட எடுங்கோ தம்பி, வளருற கால்" என்பார். முதலாம் தவணை முழுக்கப் பஞ்சடைத்துப் போடுவேன். மூன்றாம் தவணையில்தான் அது என்னுடைய சப்பாத்து ஆகும்.

கால் வளர்ந்து முடிந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், கடைக்குப் போனால் என் கை தானாகச் சப்பாத்தின் முன்பக்கத்தை அமத்துகிறது. தளர்வாக இருந்தால் நல்லது, இறுக்கமாக இருந்தால் கடிக்கும். இதை யாரும் சொல்லித் தரவில்லை. அம்மாவின் பெருவிரலைப் பார்த்தே ஊறிவிட்டது. 2019 பெப்ரவரியில் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைச்சரிவில் அந்தப் பெருவிரல் என்னை நொண்ட வைத்தது.

கொழும்பு வெள்ளவத்தையில் இருந்துகொண்டு, பனியில் வழுக்கும் ஸ்கீப் பலகையோடு பூட்டும் ஸ்கீ பூட்ஸைப் பற்றி எழுதுகிறானே என்று சிரிப்பவர்கள் சிரிக்கலாம். எங்கள் அடுக்குமாடியில் மட்டும் சுவிஸிலோ நோர்வேயிலோ கனடாவிலோ சகோதரம் இல்லாத வீடு ஒன்றுகூடக் கிடையாது. குளிர்காலத்தில் போனால் ஒரு நாளாவது மருமக்கள் பனிமலைக்கு இழுத்துக்கொண்டு போவார்கள். போகமுன் ஜக்கெற் பற்றிக் கேட்பார்கள், தொப்பி பற்றிக் கேட்பார்கள். பூட்ஸைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "அங்க வாடகைக்குத் தருவினம்தானே" என்பதோடு கதை முடியும். நானும் அப்படித்தான் போனேன்.

அக்கா இருப்பது பேர்ண் நகரத்தில். பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டு விடுமுறை. அத்தான் எங்களைக் காரில் கிறின்டல்வால்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கும் ஊர், தலைக்கு மேலே ஐகர் மலையின் கறுத்த சுவர். அந்த அழகையெல்லாம் நான் வடிவாகப் பார்த்தது இரண்டாம் நாள்தான். முதல் நாள் முழுக்க என் கண் என் காலில்.

வாடகைக் கடையில் கல்யாண வீட்டுச் சாப்பாட்டு வரிசை மாதிரிக் கூட்டம். கவுன்டரில் நின்ற பொடியன் சப்பாத்து நம்பரைக் கேட்டான். "எட்டு" என்றேன். சுவரில் தொங்கிய அட்டவணையைப் பார்த்து 27 என்று எழுதியிருந்த ஒரு சோடியைக் கொண்டுவந்தான். போட்டேன். பெருவிரல் முன்னால் முட்டியது. உடனே அம்மா என் வாயால் பேசினார்: ஒரு நம்பர் கூடத் தா. 28 வந்தது. பாட்டாச் செருப்புப் போல அவ்வளவு சுகம். கொஞ்சம் இடம் இருக்கிறதே, குளிருக்கு நல்லது என்று சொக்ஸையும் இரண்டு சோடியாகப் போட்டுக்கொண்டேன். அவன் காலை அளக்கவில்லைதான், ஆனால் கேட்டு வாங்கியவன் நான். பாதிப் பழி எனக்கு.

போட்மி என்ற தொடக்கக்காரர் சரிவில் குழந்தைகளோடு குழந்தையாக நின்றேன். நகரும் பாய் ஒன்று மேலே ஏற்றிவிடும், வழுக்கிக்கொண்டு கீழே வர வேண்டும், அவ்வளவுதான். மருமகளுக்கு அப்போது பதினொரு வயது, பேர்ணில் பிறந்தவள். எனக்கு முன்னால் பின்பக்கமாகவே வழுக்கிக்கொண்டு, "பீட்சா, மாமா! பீட்சா!" என்று கத்தினாள். ஸ்கீயின் முன்நுனி இரண்டையும் நெருக்கி, பின்னுக்கு அகட்டி, பீட்சாத் துண்டு மாதிரிப் பிடித்தால் வேகம் குறையும். நானும் காலைத் திருப்பினேன். பூட்ஸுக்குள் என் கால் திரும்பியது. பூட்ஸ் திரும்பவில்லை. பூட்ஸே திரும்பாதபோது ஸ்கீ எப்படித் திரும்பும்? நேராகப் போய் ஓர் ஆரஞ்சு நிற வலையில் மாட்டுப்பட்டேன். அடுத்த தரமும் அதே வலை.

அந்த நேரத்தில் எனக்கு விளங்காத விசயம் இதுதான். ஸ்கீ பூட்ஸை வெறும் சப்பாத்தாக நினைக்கக் கூடாது, காரின் ஸ்டியரிங் என்று நினைக்க வேண்டும். முழங்காலை முன்னுக்கு மடக்கினால் கெண்டைக்கு முன்பக்க எலும்பு பூட்ஸின் நாக்கைத் தள்ளும், அந்தத் தள்ளல் ஸ்கீயின் முன்நுனிக்குப் போகும். பாதத்தைச் சாய்த்தால் ஸ்கீயின் விளிம்பு பனியில் கடிக்கும். நடுவில் ஒரு விரல் வெற்றிடம் இருந்தாலும் உங்கள் கட்டளை அந்த வெற்றிடத்திலேயே செத்துப்போகும். ஆட்டம் கொண்ட ஸ்டியரிங்கோடு கொழும்பின் காலி வீதி நெரிசலில் பஸ் ஓட்டுவது போல.

ஆடுகிறது என்று தெரிந்ததும் எல்லோரும் செய்வதை நானும் செய்தேன். பக்கிள்களை இன்னும் இறுக்கினேன். பூட்ஸின் கெட்டியான வெளிக்கூடு பெரிதாக இருக்கும்போது பக்கிளை இறுக்கினால் குதிக்கால் பிடிபடாது, பாதத்தின் மேடுதான் நசுங்கும். விரல்களுக்கு இரத்தம் போகும் குழாய் அந்த மேட்டின் மேலால்தான் போகிறது. பத்து நிமிடத்தில் விரல்கள் மரத்தன. மரத்த விரல் குளிரும், குளிர்ந்ததும் இன்னும் ஒரு சொக்ஸ் போட்டிருக்கலாமே என்று தோன்றும். பிழைக்கு மேல் பிழை. பகல் இரண்டு மணிக்குக் கழற்றிப் பார்த்தால், கெண்டை முன்னெலும்பில் ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு. ஒவ்வொரு தரமும் கால் பின்னுக்குப் போய் மீண்டும் முன்னுக்கு வந்து நாக்கில் அடிபட்டதன் கணக்கு அது. பெருவிரல் நகம் அடுத்த நாள் கறுத்தது, மூன்று மாதத்தில் விழுந்தது. இறுக்கமான சப்பாத்தில்தான் நகம் கறுக்கும் என்று நம்பியிருந்தேன். தளர்ந்த பூட்ஸில் கால் முன்னுக்கு வழுக்கி வழுக்கி மோதினாலும் அதே கதிதான்.

அன்று பின்னேரம் அத்தான் சிரித்து முடிந்த பிறகு இன்னொரு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சின்னக் கடை, கூட்டம் இல்லை. அறுபது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர். நம்பர் கேட்கவில்லை. இரண்டு சோடி சொக்ஸையும் கழற்றச் சொன்னார், காற்சட்டையை முழங்கால்வரை மடிக்கச் சொன்னார், ஓர் அளவுப் பலகையில் ஏறி நிற்கச் சொன்னார். இருந்தபடி அளந்தால் கால் சிறிதாகக் காட்டும், உடம்புப் பாரம் முழுக்க இறங்கினால்தான் பாதம் தன் உண்மை நீளத்துக்கு விரியும் என்று மருமகள் மொழிபெயர்த்தாள். இடது 26.2 சென்ரிமீற்றர், வலது 26.5. பிறகு அகலம் அளந்தார், 104 மில்லிமீற்றர். அந்த அம்மா ஏதோ சொல்ல, மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்னவாம்?"

"உங்கட கால் தாராக் கால் மாதிரியாம், மாமா."

சரியாகத்தான் சொன்னார். வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்த கால் முன்னால் விசிறி மாதிரி விரிந்திருக்கும். குளிர்நாட்டுக்காரர் பிறந்ததிலிருந்து மூடிய சப்பாத்தில் வளர்வதால் அவர்களுடைய விரல்கள் நெருங்கிக் கிடக்கும். எங்கள் ஆட்கள் பூட்ஸில் ஏமாறும் இடம் இதுதான். அகலம் போதாமல் பக்கத்தில் அமத்தும்போது, நீளம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு பெரிய நம்பர் எடுக்கிறோம். நான் கொழும்பில் எட்டாம் நம்பர் போடுவதற்கே அதுதான் காரணம். நீளத்துக்கு எனக்கு ஏழரை காணும். அகலத்துக்காக எட்டுக்குப் போய், அதிலும் மேலதிகமாக ஒன்று கேட்டு, 28இல் போய் நின்றேன்.

நம்பர் சங்கதியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் இலங்கையில் போடுவது வெள்ளைக்காரன் விட்டுப்போன நம்பர். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒன்று, ஏறக்குறைய எட்டரை மில்லிமீற்றர். ஐரோப்பிய நம்பரில் அந்த வித்தியாசம் சென்ரிமீற்றரில் மூன்றில் இரண்டு. இரண்டும் சப்பாத்தை வார்க்கும் அச்சின் அளவில் இருந்து வருகின்றன. காலின் நீளத்தை நேரே சொல்வதில்லை. ஸ்கீ பூட்ஸில் இருப்பது மொண்டோபொயின்ற் என்ற அளவு. அது அச்சை விட்டுவிட்டுக் காலைப் பேசுகிறது. கால் 26.5 சென்ரிமீற்றர் என்றால் பூட்ஸ் 26.5. கணக்கே தேவையில்லை. ஆகவே வாடகைக் கடையில் யாராவது சப்பாத்து நம்பரைக் கேட்டால் அதைச் சொல்லவேண்டாம். சென்ரிமீற்றரைச் சொல்லுங்கள்.

இன்னொரு சூட்சுமம் உண்டு. ஸ்கீ பூட்ஸ் இரண்டு துண்டு. வெளியில் கெட்டிப் பிளாஸ்ரிக் கூடு, உள்ளே மெத்து மெத்தென்ற உள்ளுறை. அரை நம்பர்கள் இருந்தாலும் பெரும்பாலான கம்பனிகள் முழு நம்பருக்குத்தான் தனிக் கூடு வார்க்கின்றன. 26உம் 26.5உம் ஒரே கூடு, உள்ளே தடிப்பு மட்டும் கொஞ்சம் மாறும். அதனால் 26.5 இறுக்கம் என்று 27க்குப் போகிறவர் அரை நம்பர் ஏறியதாக நினைப்பார், உண்மையில் ஒரு முழுக் கூடு தாண்டியிருப்பார்.

அந்த அம்மா அடுத்துச் செய்ததுதான் எனக்குக் கண் திறந்தது. 26.5 பூட்ஸ் ஒன்றை எடுத்தார். உள்ளுறையை இழுத்து வெளியே எடுத்து மேசையில் வைத்தார். வெறும் கூட்டுக்குள் என் காலை விடச் சொன்னார். வெறும் பிளாஸ்ரிக், சில்லென்றது. காலை முன்னுக்குத் தள்ளி, விரல் நுனி முன்சுவரை இலேசாகத் தொடும்படி நிற்க வைத்தார். பிறகு பின்னால் போய்க் குனிந்து, என் குதிக்காலுக்கும் கூட்டின் பின்சுவருக்கும் இடையில் இரண்டு விரலை விட்டார். தடவித் தடவிப் பார்த்தார். தலையாட்டினார். அந்த இடைவெளி ஒன்றரை சென்ரிமீற்றர் சுமாருக்கு இருந்தால் சரி, தொடக்கக்காரருக்கு இரண்டு வரை போகலாம். அதற்கு மேல் போனால் பெரிது. நன்றாக ஸ்கீ ஓடத் தெரிந்தவர்கள் ஒன்றுக்குக்கூட இறங்குவார்கள், அது எங்களுக்கு வேண்டாத வேலை. பிறகு காலையில் நான் போட்டிருந்த 28ஐ அத்தான் காரிலிருந்து எடுத்துவந்தார், அதிலும் இதையே செய்தார். மூன்று விரலை அடுக்கி வைத்து, இன்னும் இடம் இருக்கிறது என்று ஆட்டிக் காட்டினார்.

நாற்பது வருடமாக நான் முன்னால் தேடியதை இந்த மனுசி பின்னால் தேடுகிறார்.

உள்ளுறையைத் திரும்பப் போட்டுக் காலை நுழைத்தேன். நுழைப்பதே ஒரு போராட்டம். கூட்டின் இரண்டு காதுகளையும் கையால் அகட்டிப் பிடித்து, நாக்கை வெளியே இழுத்து, நின்றபடி மிதித்து இறக்க வேண்டும். இறங்கியதும் விரல்கள் முன்னால் முட்டின. "முட்டுது" என்றேன். மருமகள் வாத்தியாரம்மா மாதிரி இடுப்பில் கை வைத்தாள். "எழும்பி நில்லுங்கோ மாமா. குதிக்காலை நிலத்தில ரெண்டு தரம் குத்துங்கோ. இப்ப முழங்காலை மடக்குங்கோ."

மடக்கினேன். குதிக்கால் பின்னால் போய் அதன் குழிக்குள் உட்கார்ந்தது. விரல்கள் முன்சுவரில் இருந்து ஒரு நூல் விலகின. முட்டல் போய்விட்டது. உட்கார்ந்திருந்தால் முட்டுவதும், நிமிர்ந்து நின்றால் தொடுவதும், மடங்கி நின்றால் விலகுவதும்தான் சரியான நீளம். கடையில் கதிரையில் இருந்தபடி "சின்னது" என்று கழற்றிக் கொடுக்கிறவர்கள்தான் அதிகமாம். நானும் காலையில் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

பக்கிள் போடுவதற்கும் முறை இருக்கிறது. நான்கு பக்கிள். கணுக்காலுக்குக் கிட்ட இருப்பதை முதலில் போட்டுக் குதிக்காலைப் பிடித்துவிட வேண்டும், அதன்பின் மேலே கெண்டையில் இருப்பதும் அதற்கு மேலுள்ள அகலமான பட்டியும். விரலுக்கு மேலே இருக்கும் கீழ்ப் பக்கிள்கள் சும்மா கொளுவிக் கிடந்தால் போதும். இறுக்கத்தை மெல்ல மெல்லக் கூட்ட, பக்கிளின் கம்பியையே திருகாணி போலச் சுற்றலாம். இந்த விசயம் அந்த அம்மா காட்டும்வரை எனக்குத் தெரியாது. ஒரு பல் தாண்டினால் நசுக்குகிறது, ஒரு பல் குறைந்தால் ஆடுகிறது என்று காலை முழுக்கப் போராடியது வீண்.

கால் மணித்தியாலம் என்னைப் போட்டபடியே நிற்க வைத்தார். நில், மடங்கு, நட. முதல் ஐந்து நிமிடம் கழற்றி எறியலாம் போல இருந்தது. பிறகு உடம்புச் சூட்டில் உள்ளுறை கொஞ்சம் இளகியது. யாரோ இரண்டு கையாலும் என் பாதத்தை அழுத்தமாகப் பிடித்துக்கொண்டு நிற்பது போல ஓர் உணர்வு. எங்கும் குத்தவில்லை.

பிடிப்பு வேறு, வலி வேறு. இதைப் பிரித்தறிவதுதான் முழு வித்தையும், செருப்புக் காலுக்கு அது முதலில் விளங்காது. பாதம் முழுக்க ஒரே சீராக இறுகினால் அது பிடிப்பு, விட்டுவிடலாம், உள்ளுறை பழகப் பழக இன்னும் இளகும். ஒரு புள்ளியில் மட்டும், கணுக்கால் மொளியிலோ சுண்டுவிரலுக்குப் பக்கத்து எலும்பிலோ, விரல் வைத்துக் காட்டும்படி குத்தினால் அது பிழை. விரல்கள் மரத்தாலோ ஊசி குத்தினாலோ அதுவும் பிழை. மடங்கும்போது குதிக்கால் உள்ளே எழும்பினால் அது மிகப் பெரிய பிழை. விரல்களைப் பியானோ வாசிப்பது போல ஆட்ட முடிய வேண்டும், குதிக்கால் மட்டும் சீமெந்தில் வைத்தது போல அசையாமல் இருக்க வேண்டும். சொந்தமாக வாங்கிய பூட்ஸில் ஒரு புள்ளி குத்தினால், கடைக்காரர் அந்த இடத்துப் பிளாஸ்ரிக்கைச் சூடாக்கி வெளியே தள்ளிக் கொடுப்பார். சின்னக் கூட்டை இப்படிப் பெருப்பிக்கலாம். பெரிய கூட்டைச் சிறுப்பிக்க எந்த வழியும் இல்லை. சந்தேகம் வந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பது இதிலேயே இருக்கிறது.

என் தாராக் காலுக்கு நீளத்தைக் கூட்டாமல் அகலத்தைக் கூட்டித் தந்தார். பூட்ஸின் அகலத்தை மில்லிமீற்றரில் சொல்வார்கள். 98 ஒடுக்கம், 100 நடுத்தரம், 102க்கு மேல் அகலம். பெரும்பாலும் 26.5 நம்பரை வைத்துச் சொல்லப்படும் அளவு அது, நம்பர் குறையக் குறைய அகலமும் குறையும். எங்கள் ஆட்கள் கண்ணை மூடிக்கொண்டு அகலமானதைக் கேட்கலாம்.

சொக்ஸ் விசயத்தில் அந்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. ஒரு சோடி, மெல்லியது, முழங்கால் வரை நீளம். அவ்வளவுதான். இரண்டு போட்டால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், மடிப்பு விழும், மடிப்பு விழுந்த இடத்தில் கொப்பளம். உள்ளே போடும் நீளக் காற்சட்டையின் விளிம்பையும் பூட்ஸுக்குள் விடக் கூடாது. பூட்ஸுக்குள் போக அனுமதி உள்ளவை காலும் ஒரு சொக்ஸும் மட்டும். பருத்திச் சொக்ஸ் வியர்வையை உறிஞ்சி ஈரமாகிக் குளிரும், ஆகவே கம்பளி அல்லது செயற்கை நூல். வெள்ளவத்தைச் சந்தையில் மூன்று சோடி ஒரு கட்டாக வாங்கிக்கொண்டு போனவை அத்தனையும் அக்கா வீட்டில் நிலம் துடைக்கப் போயின.

பிறகு ஒரு படிவம். நிறை, உயரம், வயது, எவ்வளவு ஓடத் தெரியும். நிறை என்ற இடத்தில் 72 என்று எழுதினேன். அக்கா எட்டிப் பார்த்து, "உண்மையை எழுதடா" என்றார். 79 என்று வெட்டி எழுதினேன். விழும்போது பூட்ஸை ஸ்கீயிலிருந்து விடுவிக்கும் பூட்டு ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதை இந்த விவரங்களையும் பூட்ஸ் அடியின் நீளத்தையும் வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். வெட்கத்தில் குறைத்து எழுதினால் நடுவழியில் ஸ்கீ கழன்று போகும். ஓடத் தெரியும் என்று பெருமைக்குக் கூட்டி எழுதினால் கழர வேண்டிய நேரத்தில் கழராது, முழங்கால் முறுகும். அடி நீளம் கூட்டின் குதிப் பக்கத்தில் மில்லிமீற்றரில் பொறிக்கப்பட்டிருக்கும். என்னுடைய 28இல் 326, புதியதில் 306. ஆகவே பூட்ஸை மாற்றினால் பூட்டையும் மாற்றிச் சரிசெய்ய வேண்டும், பழைய ஸ்கீயில் அப்படியே கொளுவிக்கொண்டு போகக் கூடாது.

இரண்டாம் நாள் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். விழுந்தேன், நிறைய விழுந்தேன். ஆனால் காலைத் திருப்பினால் ஸ்கீ திரும்பியது. பகலுக்குள் பீட்சா பிடித்து நிற்கத் தெரிந்துவிட்டது. ஆரஞ்சு வலையோடு என் உறவு முடிந்தது.

இளக்கம், விறைப்பு என்று இன்னொரு கணக்கும் பூட்ஸில் இருக்கிறது, ஃபிளெக்ஸ் என்பார்கள். முன்னுக்கு மடக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பதற்கு ஓர் எண். பெண்களுக்கு 60 முதல் 80, ஆண்களுக்கு 70 முதல் 90 என்றால் தொடக்கத்துக்குக் காணும். 120, 130 எல்லாம் நன்றாக ஓடத் தெரிந்தவர்களுக்கு. இந்த எண்ணுக்குப் பொது அளவுகோல் கிடையாது, ஒரு கம்பனியின் 80 இன்னொன்றின் 90 ஆக இருக்கலாம். இதை இங்கே சொல்ல ஒரு காரணம் உண்டு. பிளாஸ்ரிக் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். அத்தான் தன் பழைய பூட்ஸ் சோடி ஒன்றை எனக்குத் தந்து அனுப்பினார், நானும் பெட்டியில் நாலு கிலோவை வீணாக்கிக் கொழும்புக்குக் கொண்டுவந்தேன். இங்கே 31 பாகையில் அதைப் போட்டு மடக்கினால் றப்பர் மாதிரி மடங்குகிறது. மைனஸ் எட்டில் அதே பூட்ஸ் மரக்கட்டை. ஆகவே உறவினர் கொண்டுவந்த பூட்ஸை வெள்ளவத்தையில் போட்டுப் பார்த்து "நல்ல சுகம்" என்று முடிவெடுக்க வேண்டாம். எங்கள் வெக்கையில் காலும் வீங்கியிருக்கும், இரண்டும் சேர்ந்து பொய் சொல்லும்.

பழைய பூட்ஸை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கூடு பல பூட்ஸில் பொலியூரித்தேன் என்ற பிளாஸ்ரிக். ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் அது உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டு வரும், வெளியே தெரியாது. கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி, மழைக்காலத்தில் உப்பே தண்ணியாகிற வீட்டில் இதைவிட மோசமான இடம் அதற்குக் கிடைக்காது. அத்தானின் உள்ளுறையில் ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடித்தது, எறிந்துவிட்டேன். நாலாம் வருடம் இடது கூட்டின் முன்பக்கத்தில் மாரி பிஸ்கட்டில் விழுவது போல ஒரு வெடிப்பு. மலையில் வேகமாக வரும்போது இப்படி வெடித்திருந்தால் என்று நினைக்கப் பயமாக இருக்கிறது. இப்போது அந்தச் சோடிக்கு ஒரே வேலை, போகிறவர்களுக்குக் காட்டுவது.

அளப்பதற்குப் பலகை எதுவும் தேவையில்லை. ஒரு ஏ4 தாள் போதும். அதன் நீளம் 29.7 சென்ரிமீற்றர், எங்களில் அநேகரின் கால் அதற்குள் அடங்கும். தாளின் ஒரு குறுகிய விளிம்பு சுவரோடு முட்ட நிலத்தில் வைத்து, குதிக்கால் சுவரில் பட, இரண்டு காலிலும் பாரம் சமமாக நிற்க வேண்டும். நீளமான விரலின் நுனியில் பென்சிலை நேர் செங்குத்தாகப் பிடித்து ஒரு கோடு. நீளமான விரல் எப்போதும் பெருவிரலாக இருக்காது, எனக்கு இரண்டாம் விரல். இரண்டு காலையும் அளந்து பெரிய கால் எதுவோ அதை எழுதிக்கொள்ள வேண்டும். அகலத்தையும் மறக்க வேண்டாம்.

போன கிழமை தம்பியின் மகனுக்கு அளந்தேன். பத்து வயது, பெப்ரவரியில் பேர்ணுக்கு மாமி வீட்டுக்குப் போகிறான். குளிர்ந்த தரையில் தாளை வைத்து அவனைச் சுவரோடு நிறுத்தினேன். விரலை மடக்காதே என்றால் மடக்குகிறான், சிரிக்காதே என்றால் சிரிக்கிறான். மூன்றாம் தரத்தில் 22.3 வந்தது. 22.5 என்று எழுதி அக்காவுக்கு வாட்ஸப்பில் அனுப்பக் கை வைத்தேன்.

கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "ஒரு நம்பர் கூடப் போட்டு அனுப்பு. வளருற பிள்ளை" என்றார்.

வாங்குவதென்றால் அடுத்த வருடத்தை நினைத்து ஒரு நம்பர் கூட்டலாம், அதுவும் அதிகபட்சம். ஒரு கிழமை வாடகைக்கு எடுப்பதற்கு எதற்கு? சொன்னேன். அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து அத்தானின் வெடிக்காத வலது கூட்டை இறக்கி, பிள்ளையின் காலை உள்ளே விட்டு, விரல் முன்னால் முட்டும்படி நிறுத்தினேன். "இப்ப பின்னால கை வைச்சுப் பாருங்கோ."

அம்மா மெதுவாகக் குனிந்தார். பழக்கதோசத்தில் முதலில் முன்பக்கத்தைத்தான் பெருவிரலால் அமத்தினார், பிளாஸ்ரிக் அசையவில்லை. பிறகு பின்னால் விரலை விட்டார். விரல் போனது, உள்ளங்கை போனது, வளையல் மட்டும் வெளியே நின்றது.

"என்னடா, என்ர கை முழுக்கப் போகுது."

"அப்பம்மா, கூசுது!" என்று அவன் துள்ளினான்.

அம்மா கையை வெளியே எடுத்துச் சேலைத் தலைப்பில் துடைத்தார். "சரி, அப்ப நீ சொன்ன நம்பரையே அனுப்பு" என்றார். நான் அனுப்பி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, குசினிக்குப் போகிற வழியில் தம்பியின் மனைவியிடம் சொல்வது கேட்டது: "பிள்ளைக்குக் குளிரும். நீ சொக்ஸை ரெண்டு சோடியாப் போட்டுவிடு."